ஜாக் பைன் மரமும் வெட்டுண்ட காடும்: டாம் தாம்சன் வரைந்த வடக்கு

கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் இருக்கும் தேசிய ஓவியக் கூடத்தில் ஒரு மரம் நிற்கிறது. ஏறக்குறைய 128 செ.மீ. உயரமும் 140 செ.மீ. அகலமும் கொண்ட கான்வாஸ். ஏரிக்கரைப் பாறைமேல் ஒற்றைப் பைன் மரம், கிளைகள் பாரம் தாங்காமல் தொங்குகிற மாதிரி. அதற்குப் பின்னால் அசைவில்லாத தண்ணீர், அக்கரையில் ஊதா படிந்த குன்றுகள், மேலே மஞ்சளும் பச்சையும் கலந்த அந்தி வானம். ஆள் இல்லை. படகு இல்லை. ஓவியத்தின் பெயர் ‘ஜாக் பைன்’. கனடிய ஓவியர் டாம் தாம்சன் 1916-17 குளிர்காலத்தில் டொராண்டோவில் ஒரு பழைய மரக்கொட்டகையில் உட்கார்ந்து வரைந்தது.

1967இல் கனடா தன் நூற்றாண்டைக் கொண்டாடியபோது பத்து சென்ட் தபால் தலையில் இந்த மரம் அச்சானது. அதற்கு முன்பே பள்ளிக்கூடச் சுவர்களில் ஏறிவிட்டது. கனடா எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் இந்தப் படத்தைக் காட்டினால் போதும் என்கிற அளவுக்கு அந்த நாட்டு மக்களின் மனத்தில் இது பதிந்துபோயிருக்கிறது.

புகழோடு கூடவே ஒரு கதையும் வளர்ந்தது. நகரத்தை விட்டுவிட்டு, மனிதக் காலடி படாத வடக்குக் காட்டுக்குள் தனியாகப் போய், அதையே வரைந்து, கடைசியில் அங்கேயே மறைந்த மனிதர் தாம்சன் என்பது அந்தக் கதை. அவர் அங்கே போனதும் உண்மை, அங்கே இறந்ததும் உண்மை. ஆனால் அவர் வரைந்த காடு, கைபடாத காடு அல்ல. பல பத்தாண்டுகளாக வெட்டப்பட்டு, தீயில் எரிந்து, அணைகளால் மூழ்கி, நடுவே ரயில் ஓடிய காடு. தாம்சனுக்கு அது நன்றாகத் தெரியும். அதையும் வரைந்தார். அவர் வரைந்ததில் அந்தப் பாதியை நாம் பார்க்காமல் போனது அவர் இறந்த பிறகு நடந்தது. அவருடைய ஓவியங்களைப் புரிந்துகொள்ள அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்தக் காடு எப்படி இருந்தது

முதலில் ‘வடக்கு’ என்ற சொல். தாம்சனின் பெரும்பாலான ஓவியங்கள் பிறந்த இடம் ஒன்டாரியோ மாகாணத்தின் அல்கோன்குயின் பூங்கா. டொராண்டோவிலிருந்து காரில் மூன்று மணி நேரம். வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் அது இத்தாலியின் மிலான் நகரம் இருக்கும் அட்சரேகையை ஒட்டி, பாரிஸுக்கும் தெற்கே இருக்கிறது. துருவப் பகுதிக்கு அது எந்த விதத்திலும் பக்கமில்லை. டொராண்டோக்காரர்களுக்குத்தான் அது வடக்கு. குளிரும் ஏரிகளும் பாறையும் அந்த உணர்வைத் தருகின்றன என்பது வேறு விஷயம்.

1893இல் அந்தப் பூங்கா அமைந்தது. இன்றைய பரப்பு சுமார் 7,600 சதுர கிலோமீட்டர். அதற்கு வெகு முன்பிருந்தே மரக் கம்பெனிகள் அங்கே உயரமான வெள்ளைப் பைன் மரங்களை வெட்டி ஆறுகளில் மிதக்கவிட்டுக் கொண்டிருந்தன. பூங்கா என்று அறிவித்த பிறகும் வெட்டுவது நிற்கவில்லை. ஜே. ஆர். பூத் என்ற மர வியாபாரி 1890களில் பூங்காவின் தெற்குப் பகுதி வழியாக ஒரு ரயில் பாதையே போட்டுவிட்டார். தாம்சன் காட்டுக்குப் போனது அந்த ரயிலில்தான்.

அவர் இறங்கிய இடம் கனூ ஏரி. அதன் கரையில் மோவட் என்றொரு சிற்றூர். கில்மர் என்ற கம்பெனி அங்கே ஒரு பெரிய மர அறுவை ஆலையை நிறுவி, சில ஆண்டுகளிலேயே நொடித்துப்போய் மூடிவிட்டது. ஆலைத் தொழிலாளர் தங்கிய பழைய கட்டடம் பிறகு ‘மோவட் லாட்ஜ்’ என்ற விடுதியாயிற்று. தாம்சன் ஆண்டுதோறும் தங்கியது அங்கேதான். விடுதி வாசலில் நின்று ஏரியைப் பார்த்தால் நடுவில் கண்ணில் படுவது ஆலை விட்டுப்போன மரத்தூளும் சிதறிய துண்டுகளும் நிறைந்த வெட்டவெளி. கைவிடப்பட்ட ஒரு தொழிற்சாலையின் முற்றத்திலிருந்து அவர் தினமும் வரையக் கிளம்பினார்.

அவர் எதைத் தேர்ந்து வரைந்தார் என்று பாருங்கள். 1912இல் ‘மூழ்கிய நிலம்’: தண்ணீரில் நின்று செத்த மரங்கள். 1915இல் ‘தீயில் கருகிய குன்றுகள்’. 1916-17இல் ‘தி டிரைவ்’: மதகு வழியாக மரத்தடிகள் முட்டிமோதிப் பாயும் காட்சி. அதே குளிர்காலத்தில் ‘தி பாயின்டர்ஸ்’: மரத்தடிகளை ஓட்டிச் செல்பவர்கள் பயன்படுத்திய, இரு முனையும் கூர்மையான படகுகள், பின்னால் இலையுதிர் காலத்தில் பற்றியெரிவது போன்ற மலை. டீ லேக் அணையையும் வரைந்திருக்கிறார். மரவெட்டும் தொழிலின் தடத்தைப் படத்திலிருந்து ஒதுக்க வேண்டும் என்று அவர் நினைத்திருந்தால் இவை எதுவும் இருந்திருக்காது.

எட்டரைக்குப் பத்தரை

தாம்சன் 1877 ஆகஸ்ட் 5 அன்று ஒன்டாரியோவின் கிளேர்மான்ட்டில் பிறந்தார், ஓவன் சவுண்ட் அருகே லீத் என்ற ஊரில் வளர்ந்தார். பத்துப் பிள்ளைகளில் ஆறாவது. வணிகக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் சியாட்டில் நகரில் அச்சுக்கான செதுக்கு வேலை செய்து, திரும்பி வந்து டொராண்டோவில் ‘கிரிப்’ என்ற வடிவமைப்பு நிறுவனத்தில் சேர்ந்தார். விளம்பரத்துக்கு எழுத்து போடுவது, கரை அலங்காரம் வரைவது, இதுதான் வேலை. முப்பத்தைந்து வயதுவரை அவரை ஓவியர் என்று யாரும் பெரிதாகச் சொன்னதில்லை.

ஆனால் அந்த அலுவலகத்தில் பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் ஜே. இ. எச். மெக்டொனால்டு, ஆர்தர் லிஸ்மர், ஃபிரெட் வார்லி, ஃபிராங்க் ஜான்ஸ்டன், ஃபிராங்க்ளின் கார்மைக்கேல். பிற்பாடு கனடாவின் மிகப் புகழ்பெற்ற ஓவியக் குழுவில் சேர்ந்தவர்கள் இவர்கள் எல்லோரும். வார இறுதியில் சேர்ந்து ஊருக்கு வெளியே போய் வரைவார்கள். தாம்சன் அவர்களிடம் கற்றார், அப்புறம் அவர்களையே காட்டுக்கு இழுத்தார்.

1912 மே மாதத்தில் அவர் முதல் முறையாக அல்கோன்குயின் பூங்காவுக்குப் போனார். அதே ஆண்டு கோடையில் ஒரு நண்பரோடு மிஸ்ஸிசாகி வனப்பகுதியில் நீண்ட படகுப் பயணம். வழியில் கனூ என்ற சிறு துடுப்புப் படகு கவிழ்ந்து, வரைந்தவற்றில் பெரும்பகுதி தண்ணீரோடு போயிற்று. மிஞ்சியதை வைத்து அந்தக் குளிர்காலத்தில் ‘வடக்கு ஏரி’ என்ற கான்வாஸை வரைந்தார். 1913இல் ஒன்டாரியோ அரசு அதை 250 டாலருக்கு வாங்கியது. சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒருவருக்கு அன்று அது பெரிய தொகை. கண் மருத்துவர் ஜேம்ஸ் மெக்காலம் ஓராண்டுச் செலவைத் தான் ஏற்பதாகச் சொல்லவே, தாம்சன் வேலையை விட்டார்.

மெக்காலமும் பணக்கார ஓவியர் லாரன் ஹாரிஸும் சேர்ந்து டொராண்டோவின் ரோஸ்டேல் பள்ளத்தாக்கில் ஓவியர்களுக்கென்றே ஸ்டூடியோ கட்டடம் ஒன்றைக் கட்டினார்கள். 1914இல் திறந்தது. கொஞ்ச காலம் ஏ. ஒய். ஜாக்சனோடு அதில் அறையைப் பகிர்ந்துகொண்ட தாம்சன், பிறகு கட்டடத்துக்குப் பின்னால் இருந்த கொட்டகைக்கு மாறினார். மாத வாடகை ஒரு டாலர். ‘ஜாக் பைன்’, ‘மேற்குக் காற்று’ இரண்டும் அங்கே உருவானவை. அந்தக் கொட்டகை இன்று கிளைன்பர்க் ஊரில் மெக்மைக்கேல் ஓவியக் காட்சியக வளாகத்தில் நிற்கிறது.

அவர் வேலை செய்த முறை எளிமையானது. ஏரியில் பனிக்கட்டி உடைகிற வசந்தத்தில் காட்டுக்குப் போவார். இலையுதிர் காலம் முடியும்வரை அங்கே. கூட ஒரு சிறு மரப்பெட்டி. மூடியைத் திறந்தால் அதுவே வரைவதற்கான தாங்கி. ஈரம் காயாத பலகைகள் ஒன்றையொன்று தொடாமல் இருக்க உள்ளே பள்ளங்கள் உண்டு. பலகையின் அளவு எட்டரை அங்குலத்துக்குப் பத்தரை அங்குலம், ஒரு நோட்டுப் புத்தகத்தின் அளவு. கனூவில் உட்கார்ந்தோ பாறைமேல் அமர்ந்தோ ஒரே மூச்சில் ஒரு பலகையை முடிப்பார். குளிர்காலத்தில் டொராண்டோ வந்து அவற்றில் சிலவற்றைப் பெரிய கான்வாஸாக்குவார். ஐந்தே ஆண்டுகளில் ஏறக்குறைய 400 பலகைகள், 50 கான்வாஸ்கள்.

என்னைக் கேட்டால் தாம்சனின் உயிர் இந்தப் பலகைகளில்தான் இருக்கிறது. படங்களை இணையத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். தூரிகை வண்ணத்தை இழுத்த வேகம் அப்படியே உறைந்திருக்கும். ஒரு வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் நடுவே பலகையின் பழுப்பு நிறம் அப்படியே தெரியும். அதையே மரத்தின் தண்டாகவோ கரையின் மண்ணாகவோ விட்டுவிடுவார். வெண்பனியை வெள்ளையால் வரையமாட்டார். நீலம், ஊதா, இளஞ்சிவப்பு, கொஞ்சம் மஞ்சள். மேகம் நகர்வதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் எது முக்கியம் என்று கை முடிவு செய்திருக்கிறது. கான்வாஸ்களில் அந்த அவசரம் இல்லை. அங்கே வடிவமைப்பாளர் தாம்சன் வேலை செய்கிறார். 1915இல் தேசிய ஓவியக் கூடம் 500 டாலருக்கு வாங்கிய ‘வடக்கு ஆறு’ ஓவியத்தில் முன்னால் மெல்லிய மரங்கள் ஜன்னல் கம்பிகள் போல நின்று, ஆற்றை அவற்றின் இடுக்கு வழியே பார்க்க வைக்கின்றன. அச்சக வேலையில் பழகிய கண் அது. அவரோ அதை ‘சதுப்புப் படம்’ என்றுதான் கடிதத்தில் குறிப்பிட்டார்.

மறுபடி ‘ஜாக் பைன்’ ஓவியத்துக்கு வருவோம். 1916 கோடையில் தாம்சன் பூங்காவின் கிழக்குப் பக்கத்தில், ஆக்ரே என்ற இடத்தில் தீக்காவலராக வேலை பார்த்தார். அந்த வேலையும் வரைவதும் ஒத்துப்போகவில்லை என்று மெக்காலத்துக்கு எழுதினார். ஆனாலும் அங்கே கிராண்ட் ஏரிக்கரையில் அந்த மரத்தைப் பலகையில் பதிந்துகொண்டார். கான்வாஸில் அதைப் பெரிதாக்கியபோது வானத்தையும் தண்ணீரையும் அகலமான, கிடைமட்டமான தூரிகை வீச்சுகளால் அடுக்கினார், செங்கல் அடுக்குவது போல. மரம் மட்டும் அந்த ஒழுங்குக்குள் அடங்காமல் வளைகிறது. அடியில் பூசிய சிவப்பு, கிளைகளின் ஓரங்களில் ஆங்காங்கே எட்டிப் பார்க்கிறது. அந்தி வெளிச்சம் மரத்துக்குள்ளேயே இருப்பது போலத் தோன்ற அதுதான் காரணம்.

ஜாக் பைன் மரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதன் காய்களைப் பிசின் இறுக்கி மூடியிருக்கும். பெரும்பாலும் காட்டுத்தீயின் வெப்பம் பட்டால்தான் பிசின் உருகி, காய் பிளந்து, விதை விழும். எரிந்த நிலத்தில் முதலில் தலைகாட்டும் மரங்களில் அதுவும் ஒன்று. தீக்காவலராக இருந்த கோடையில், தீயை நம்பிப் பிழைக்கும் மரத்தை அவர் பலகையில் பதிந்தார். ஒரு நாடே சலனமில்லாத அமைதியின் சின்னமாக எடுத்துக்கொண்ட மரத்தின் பிறப்பு அப்படிப்பட்டது.

அவர் போன பிறகு

1917 வசந்தத்தில் பனி உருகி இலை துளிர்க்கும்வரை நாளுக்கொன்றாகப் பலகைகள் வரைந்து வந்தார் என்று பூங்கா காவலர் மார்க் ராபின்சன் பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த ஜூலை 8 அன்று தாம்சன் கனூ ஏரியில் தன் படகில் தனியாகக் கிளம்பினார். எட்டு நாள் கழித்து, 16ஆம் தேதி, உடல் மிதந்தது. நாற்பது வயதுக்கு ஒரு மாதம் குறைவு. தற்செயலாக மூழ்கி இறந்தார் என்பது அதிகாரபூர்வ முடிவு. நெற்றிப் பொட்டில் காயம், காலில் சுற்றியிருந்த தூண்டில் கயிறு, ஏரிக்கரையில் புதைத்த உடலைக் குடும்பத்தார் லீத்துக்கு எடுத்துச் சென்றார்களா இல்லையா என்ற சந்தேகம், இவற்றை வைத்து நூறாண்டாகப் புத்தகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. நான் அதற்குள் போகவில்லை. அந்த மர்மம் அவருடைய ஓவியங்களைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தையெல்லாம் தின்றுவிட்டது என்பது என் வருத்தம்.

நண்பர்கள் உடைந்துபோனார்கள். மெக்டொனால்டும் இன்னொரு ஓவியரான ஜே. டபிள்யூ. பீட்டியும் அந்த ஆண்டே கனூ ஏரியைப் பார்க்கும் மேட்டில் கல்லடுக்கி ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். காட்டோடு எளிமையாகவும் தீராத பற்றோடும் வாழ்ந்தவர் என்று அதில் பொறித்தார்கள். கொட்டகையில் கிடந்த பலகைகளில் அடையாள முத்திரை குத்தினார்கள். 1918இல் தேசிய ஓவியக் கூடம் ‘ஜாக் பைன்’ ஓவியத்தை வாங்கியது.

1920 மே மாதம் ஹாரிஸ், ஜாக்சன், மெக்டொனால்டு, லிஸ்மர், வார்லி, ஜான்ஸ்டன், கார்மைக்கேல் ஆகியோர் ‘எழுவர் குழு’ என்ற பெயரில் டொராண்டோவில் முதல் கண்காட்சி வைத்தார்கள். தாம்சனையும் அந்தக் குழுவில் ஒருவர் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். குழு பிறந்தபோது அவர் இறந்து மூன்றாண்டு ஆகியிருந்தது. ஆனால் அவர் இல்லாமல் அந்தக் குழு இல்லை. 1913 டிசம்பரில் டொராண்டோ நாளிதழ் ஒன்று இந்த இளம் ஓவியர்களின் பாணியைச் சூடான கூழோடு ஒப்பிட்டுக் கேலி செய்திருந்தது. 1924இல் லண்டன் வெம்ப்ளியில் நடந்த பேரரசுக் கண்காட்சியில் இவர்களின் படங்களையும் தாம்சனின் படங்களையும் பிரிட்டிஷ் விமர்சகர்கள் பாராட்டியதும் உள்ளூரில் காற்று திரும்பியது.

பெரிய மாற்றம் அச்சில் வந்தது. 1942 முதல் சாம்ப்சன்-மேத்யூஸ் என்ற டொராண்டோ அச்சகம், தேசிய ஓவியக் கூடத்தோடும் ஜாக்சனோடும் சேர்ந்து, கனடா ஓவியங்களைப் பெரிய ஸ்கிரீன் பிரிண்ட்களாகப் போட்டது. முதலில் போர்க்காலப் படைமுகாம்களுக்கு, பிறகு பள்ளிகளுக்கு, அலுவலகங்களுக்கு. ஒரு தலைமுறைக் குழந்தைகள் கரும்பலகைக்குப் பக்கத்தில் இந்தக் காட்சிகளைப் பார்த்தபடியே வளர்ந்தார்கள். அப்படி ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்த தாம்சன், ‘ஜாக் பைன்’ தாம்சன். ஒற்றை மரமும் ஆளில்லாத ஏரியும் ஒரு நாட்டின் அடையாளத்துக்கு உகந்தவை. கருகிய குன்றும் மதகில் முட்டும் மரத்தடியும் அதற்குத் தோதுப்படவில்லை. எதைப் பெரிதாக்கி எங்கே மாட்டுவது என்ற தேர்வில்தான் கன்னிக்காடு என்ற எண்ணம் உறுதிப்பட்டது.

சரி, இதில் தாம்சனுக்குப் பங்கே இல்லையா? உண்டு. மரவெட்டியின் தடம் அவர் பலகைகளில் இருக்கிறது. ஆனால் அந்த நிலத்தின் பழைய மக்கள் அவற்றில் இல்லை. பூங்காவுக்கு யாருடைய பெயரை வைத்தார்களோ அந்த அல்கோன்குயின் மக்கள், தங்கள் நிலம் பறிபோவது குறித்து 1772 முதலே ஆட்சியாளர்களுக்கு விண்ணப்பம் கொடுத்து வந்தவர்கள். பூங்கா வந்தபின் அதற்குள் வேட்டையாடுவதே குற்றமாயிற்று. 2016இல்தான் கனடா, ஒன்டாரியோ அரசுகளுக்கும் அவர்களுக்கும் இடையே கொள்கை அளவிலான ஒப்பந்தம் கையெழுத்தானது. ‘யாருமில்லாத நிலம்’ என்று ஒரு காட்சியை ரசிக்கும்போது, அங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வி எழத்தான் செய்யும். 1990களிலிருந்து கனடாவின் கலை வரலாற்றாளர்கள் இதைத் தயங்காமல் கேட்கிறார்கள்.

ஓவியர்களும் கேட்டார்கள். கொரியாவில் பிறந்து வான்கூவரில் வாழும் ஜின்-மி யூன், 1996இல் கொரியக் கனடியர்கள் 67 பேரை எழுவர் குழுவின் ஹாரிஸ் வரைந்த மலை ஏரிக் காட்சி முன்னும், கனடிய ஓவியர் எமிலி கார் வரைந்த கடலோரக் கிராமம் முன்னும் நிறுத்திப் படம் எடுத்தார். முதலாவதில் கேமராவைப் பார்த்து, இரண்டாவதில் முதுகைக் காட்டி. 67 என்ற எண், நூற்றாண்டு ஆண்டான 1967ஐயும், குடியேற்ற விதிகள் தளர்ந்த அதே ஆண்டையும் ஒருசேரச் சுட்டுகிறது. அந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதித் தமிழர்களின் ஞாபகம் வரும். 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து போய்ச் சேர்ந்தவர்களின் பிள்ளைகளும் இதே நிலக்காட்சிகளைத் தங்கள் நாடு என்று படித்து வளர்ந்தவர்கள்தான்.

கேள்விகள் எழுந்ததால் தாம்சனின் மதிப்பு குறையவில்லை. கனடாவில் வளர்ந்த ஓவியர் பீட்டர் டாய்க் வரைந்த தனிக் கனூக்களையும் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும் மரங்களையும் பார்க்கிற எவருக்கும் அல்கோன்குயின் ஏரிகள் நினைவுக்கு வராமல் போகாது. சந்தையும் அவரை விடவில்லை. ‘கனூ ஏரி, முன்வசந்தம்’ என்ற சிறு பலகை ஒன்று 2009இல் 27 லட்சம் கனடிய டாலருக்கும் மேல் ஏலம் போனது. உயிரோடு இருந்தபோது ஒரு பலகைக்குப் பத்து, பதினைந்து டாலர் கிடைத்தாலே மகிழ்ச்சி என்று கடிதத்தில் எழுதியவர் அவர்.

டொராண்டோவில் இருப்பவர்கள், அங்கே போகிறவர்கள், ஒன்டாரியோ ஓவியக் கூடத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். ‘மேற்குக் காற்று’ அங்கேதான் இருக்கிறது. காற்றில் வளைந்த கரிய பைன், வெள்ளை நுரை தள்ளும் ஏரி. எல்லோரும் அதன் முன் நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். அப்புறம் அதே கட்டடத்தில் இருக்கும் ‘தீயில் கருகிய குன்றுகள்’ பலகையைத் தேடிப் போங்கள். அது ஒரு நோட்டுப் புத்தகத்தின் அளவுதான் இருக்கும். கருகிய தண்டுகள் நட்டுக்குத்தலாக நிற்க, சாம்பலும் சிவப்பும் நீலமும் சரிவிலிருந்து அருவி போல உங்களை நோக்கிக் கொட்டும். வண்ணம் தடித்து மேடுதட்டி நிற்கும் இடங்களில் தூரிகை மயிரின் கோடுகள் இன்னும் தெரியும்.